ரிப்போர்ட்டில் ‘ஆஸ்டியோபீனியா’தான், ஆனால் முதுகெலும்பு நசுங்கிவிட்டது: கால்சியம் மட்டும் போதுமா?

நீங்கள் எழுதியதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் பஸ்ஸில் கடைசி சீட்டில் வரும்போது வேகத்தடையில் தூக்கிப் போட்டது. அன்றிலிருந்து முதுகின் நடுவில், இடுப்புக்குச் சற்று மேலே வலி. எக்ஸ்ரேயில் எல்1 எலும்பு, அதாவது இடுப்பு முதுகின் முதல் முள்ளெலும்பு, முன்பக்கம் நசுங்கியிருக்கிறது என்றார்கள். எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 1.9, அதனால் ‘ஆஸ்டியோபீனியா’, அதாவது அடர்த்தி கொஞ்சம் குறைவு, என்று ரிப்போர்ட். ஒரு மருத்துவர் கால்சியம் போதும் என்கிறார், இன்னொருவர் வருடத்துக்கு ஒரு ஊசி என்கிறார், உறவினர் ஒருவர் நசுங்கிய எலும்புக்குள் சிமென்ட் வைத்துவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் பதில் தெரிய வேண்டியது வேறொன்று: அம்மாவுக்கு ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது லேசான அடிக்கே உடையும் அளவுக்கு எலும்பு பலவீனமாகும் நோய், இருக்கிறதா, இல்லையா? அது தெளிவானால் மற்ற மூன்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நான் எலும்பு மருத்துவன். இந்த மாதிரி முதுகோடு வருகிற அம்மாக்களை வாரந்தோறும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் அம்மாவின் படத்தைப் பார்க்கவில்லை, அவர் முதுகைத் தட்டிப் பார்க்கவில்லை. அதனால் எது பொதுவாக உறுதி, எதை நேரில் பார்ப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதைப் பிரித்துச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதல் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. காசநோய், புற்றுநோய் போன்ற வேறு காரணம் எதுவும் இல்லையென்றால், வேகத்தடையில் குலுங்கியதற்கே முதுகெலும்பு நசுங்கிய 66 வயதுப் பெண்ணுக்கு இருப்பது ஆஸ்டியோபோரோசிஸ்தான். டி-ஸ்கோர் மைனஸ் 1.9 ஆக இருந்தாலும் சரி, மைனஸ் 1.2 ஆக இருந்தாலும் சரி. டி-ஸ்கோர் மைனஸ் 2.5-ஓ அதற்குக் கீழேயோ இருந்தால்தான் ஆஸ்டியோபோரோசிஸ் என்ற கோடு 1994-இல் உலக சுகாதார நிறுவனம் போட்டது. இளம் வயதுப் பெண்களின் சராசரியிலிருந்து ஒருவரின் எலும்பு அடர்த்தி எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் டி-ஸ்கோர். எலும்பு உடையுமா என்று முன்கூட்டியே கணிப்பதற்கு அது ஒரு கருவி. உடைந்தே போன பிறகு கணிப்புக்கு அங்கே வேலை குறைவு. முதுகெலும்போ இடுப்பு மூட்டு எலும்போ லேசான அடிக்கே உடைந்திருந்தால் ஸ்கோர் என்னவாக இருந்தாலும் ஆஸ்டியோபோரோசிஸ் என்றே எடுத்துக்கொண்டு சிகிச்சை கொடுப்பதுதான் இன்று பல நாடுகளிலும் நடைமுறை. ரிப்போர்ட்டில் ‘ஆஸ்டியோபீனியா’ என்று எழுதுவது பெரும்பாலும் மெஷினில் இருக்கும் மென்பொருள். அம்மாவின் எக்ஸ்ரே அதற்குத் தெரியாது.

அந்த மைனஸ் 1.9 முதுகில் எடுத்ததா, இடுப்பில் எடுத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. முதுகில் என்றால் ரிப்போர்ட்டின் அட்டவணையைக் கொஞ்சம் பாருங்கள். எல்1, எல்2, எல்3, எல்4 என்று நான்கு வரிசைகள் தனித்தனியாக இருக்கும். எலும்பு நசுங்கும்போது அதே அளவு சுண்ணாம்புச் சத்து சின்ன இடத்துக்குள் அடங்கிவிடுவதால், அந்த எலும்பு மட்டும் அக்கம்பக்கத்து எலும்புகளைவிட ‘அடர்த்தியாக’ அளவில் தெரியும். எல்1-இன் டி-ஸ்கோர் பக்கத்து எலும்பைவிட ஒரு புள்ளிக்கு மேல் உயர்ந்திருந்தால் அதைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்க வேண்டும். பல சென்டர்களில் இதை யாரும் செய்வதில்லை, நான்கையும் சேர்த்துக் கூட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வயதானவர்களின் முதுகில் வளரும் எலும்பு முட்களும், முதுகுக்கு முன்னால் ஓடும் பெரிய ரத்தக்குழாயில் படியும் சுண்ணாம்பும்கூட அளவை உயர்த்திக் காட்டும். போதாததற்கு அம்மாவுக்குச் சர்க்கரை வேறு. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதே டி-ஸ்கோரில் எலும்பு உடையும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அடர்த்தி நன்றாக இருந்தாலும் எலும்பின் தரம் குறைந்திருக்கும். அவர் சாப்பிடும் சர்க்கரை மாத்திரைகளில் பயோகிளிட்டசோன் இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெண்களுக்கு எலும்பு முறிவு அதிகரிப்பதாக அந்த மருந்தின் மேல் எச்சரிக்கை உண்டு. இருந்தால் நீங்களாக நிறுத்தாமல், மாற்ற முடியுமா என்று சர்க்கரை மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, முதுகெலும்பு ஏன் முதலில் போகிறது? முள்ளெலும்பின் முன்பக்கக் கட்டையின் உட்பகுதி தேன்கூடு மாதிரி கண்ணறைகளால் ஆனது. உடம்பில் வேகமாகப் பழையது கரைந்து புதியது கட்டப்படுகிற எலும்பு அது. மாதவிடாய் நின்றதும் கரைவது கூடி, கட்டுவது பின்தங்குகிறது. குறுக்குச் சட்டங்கள் ஒவ்வொன்றாக அறுந்த பிறகு மேலிருந்து வரும் எடையைத் தாங்க நெட்டுச் சட்டங்கள் மட்டும் மிஞ்சும். குனியும்போதும், உட்கார்ந்தபடி தூக்கிப் போடப்படும்போதும் அந்த எடை முழுவதும் கட்டையின் முன்விளிம்பில் விழுகிறது. அதனால்தான் முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்பு வடிவமாகிறது. பெரும்பாலும் பின்சுவர் அப்படியே நிற்கும். தண்டுவடம் அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஓடுகிறது. எனவே ‘கால் விளங்காமல் போய்விடுமா’ என்ற உங்கள் பயம் இந்த வகை முறிவில் அரிதாகவே உண்மையாகும். அதிகம் நசுங்குவது இரண்டு இடங்களில்: தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகு வளையும் இடம், அப்புறம் நெஞ்சு முதுகின் கடைசி எலும்பான டி12-உம் இடுப்பு முதுகின் முதல் எலும்பான எல்1-உம் சேரும் இடம். அம்மாவுக்கு எல்1. பஸ்ஸின் கடைசி சீட்டில் துள்ளி விழுந்து எல்1-ஐ நசுக்கிக்கொண்டு வருகிறவர்களை நம் ஊர் எலும்பு மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சீட் என்பதால் அங்கே துள்ளல் அதிகம்.

ஒரு சந்தேகத்தையும் சொல்லியாக வேண்டும். எக்ஸ்ரே ஒன்றை மட்டும் வைத்து இந்த நசுங்கல் போன மாதத்தியதா, ஐந்து வருடத்துக்கு முந்தையதா என்று சொல்ல முடியாது. முதுகெலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மருத்துவரின் கவனத்துக்கே வருவதில்லை. ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்த்துக்கொண்டு போய்விடுகிறார்கள். புதிய முறிவு என்றால் எம்.ஆர்.ஐ.யில் எலும்பு மஜ்ஜையில் நீர் கோத்திருப்பது தெரியும். அம்மாவின் உயரத்தைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து பாருங்கள். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால், மேலே நெஞ்சுப் பகுதியிலும் பழைய நசுங்கல்கள் இருக்கலாம், அந்தப் பகுதியையும் பக்கவாட்டில் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். நிற்கும்போது குதிகாலும் பிட்டமும் சுவரில் பட்டு, பின்னந்தலை மட்டும் சுவரைத் தொட முடியாமல் போனாலும் அதே சந்தேகம்தான். முறிவு பழையது என்றாலும் நான் மேலே சொன்னது மாறாது. பழைய நசுங்கலும் கணக்கில் சேரும்.

ஏனென்றால் அடுத்த முறிவுக்கான மிகப் பெரிய எச்சரிக்கை, ஏற்கெனவே நடந்த முறிவுதான். முதுகெலும்பு நசுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் இன்னொரு முதுகெலும்பு நசுங்குகிறது. 2001-இல் வந்த ஆய்வில் கிடைத்த கணக்கு இது, மாதவிடாய் நின்ற பெண்களிடம் எடுத்தது. பல வருடங்கள் கழித்து வரப்போகும் ஆபத்து என்று தள்ளிவைக்க முடியாததற்குக் காரணம் இந்த ஒரு வருடம்தான். நாலைந்து எலும்புகள் நசுங்கினால் கூன் விழும், விலா எலும்பு இடுப்பெலும்பின் மேல் வந்து உட்காரும், நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு முட்டும், மூச்சு குறையும். இடுப்பு மூட்டு எலும்பு உடையும் ஆபத்தும் சேர்ந்தே ஏறுகிறது.

மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒரு படி இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. நசுங்கியதெல்லாம் ஆஸ்டியோபோரோசிஸ் ஆகிவிடாது. நம் நாட்டில் முதலில் நினைக்க வேண்டியது முதுகெலும்புக் காசநோய். அதில் பொதுவாகப் பக்கத்துப் பக்கத்து இரண்டு எலும்புகளும் நடுவில் உள்ள டிஸ்க்கும் அரிக்கப்படும், மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருக்கலாம். ஆஸ்டியோபோரோசிஸ் முறிவில் டிஸ்க் தப்பிவிடும். அடுத்தது மைலோமா என்ற ரத்தப் புற்று, அதற்கடுத்து வேறெங்கோ இருந்து பரவிய புற்று. ஆகவே ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர்., கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்பட்டேஸ், கிரியாட்டினின், வைட்டமின் டி, தைராய்டு, பாராதைராய்டு ஹார்மோன், சீரம் புரோட்டீன் எலக்ட்ரோபோரெசிஸ் ஆகிய பரிசோதனைகளை ஒரு தடவையாவது பார்த்துவிடுவது நல்லது. அம்மாவிடம் இன்னும் இரண்டைக் கேளுங்கள். கர்ப்பப்பையை எடுத்திருந்தால், அப்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தார்களா, எந்த வயதில்? 40-க்கு முன்பே எடுத்திருந்தால் எலும்பு இழப்பு அப்போதே தொடங்கியிருக்கும். அடுத்து, முட்டி வலிக்கோ இளைப்புக்கோ பேர் எழுதாத பொட்டலப் பொடி, உருண்டை ஏதாவது மாதக்கணக்கில் சாப்பிட்டாரா? இவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஸ்டீராய்டு முதலில் தின்பது முதுகெலும்பின் உட்பகுதியைத்தான், அதுவும் ஆரம்ப மாதங்களிலேயே. முகம் உப்பி, முட்டி வலி மாயமாகப் போயிருந்தால் சந்தேகப்படுங்கள். தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது, மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இப்போது கால்சியம். வேண்டும், ஆனால் உடைந்த முதுகுக்கு அது மட்டும் போதாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் கொடுத்த பரிந்துரைப்படி மாதவிடாய் நின்ற பெண்களுக்கு நாளைக்கு 1,200 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்துக்கொண்டால், சுமார் 240 மில்லிகிராம் இருக்கும். 100 கிராம் கேழ்வரகு மாவில் 350-ஐ ஒட்டி. தயிர், எள், முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி எல்லாம் நல்லது. சாப்பாட்டில் வருவதைக் கூட்டிப் பார்த்து, குறைகிற 500 அளவுக்கு மாத்திரை போட்டால் சரியாக இருக்கும், அதைச் சாப்பாட்டோடு போட வேண்டும், தைராய்டு மாத்திரையோடும் இரும்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்கக் கூடாது. கால்சியமும் வைட்டமின் டி-யும் வீடு கட்ட வரும் செங்கல், மணல். மேஸ்திரி வேலையை நிறுத்தியிருக்கும்போது லோடு இறக்கிக்கொண்டே இருப்பதில் பயனில்லை. பொதுவான பெண்களிடம் இந்த இரண்டையும் கொடுத்து அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்வு 2006-இல் வந்தது. மொத்தமாகப் பார்க்கையில் இடுப்பெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது.

வைட்டமின் டி விஷயத்தில் நம் ஊரில் நடப்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என எட்டு வாரத்துக்கு எழுதிக் கொடுப்போம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கிட்னி பாதிப்பு என்று வந்து நிற்பார்கள். ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுப்பதும் நல்லதல்ல. ஆஸ்திரேலியாவில் 70 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-இல் முடிவு வந்தபோது, மருந்து வாங்கியவர்கள்தான் அதிகமாக விழுந்திருந்தார்கள், அதிகமாக உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

எலும்பு உடைவதைத் தடுக்கும் மருந்துகளுக்கு வருவோம். முதுகெலும்பு விஷயத்தில் இவற்றின் பலன் நன்றாக நிரூபிக்கப்பட்டது. அலெண்ட்ரோனேட் மாத்திரையை, ஏற்கெனவே முதுகெலும்பு நசுங்கிய பெண்களுக்கு மூன்று வருடம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 1996-இல் வந்தது. மருந்தில்லாதவர்களில் 100-க்கு 15 பேருக்குப் புதிய நசுங்கல், மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. இரண்டாவது மருத்துவர் சொன்ன வருட ஊசி அநேகமாக சோலெட்ரோனிக் அமிலமாக இருக்கும், 5 மில்லிகிராம், குளுக்கோஸ் ஏற்றுவதுபோல 15 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றுவது. 2007-இல் வந்த ஆய்வில் மூன்று வருடத்தில் 100-க்கு 11 பேர் என்பது 3 பேராகக் குறைந்தது. இடுப்பெலும்பு முறிவும் குறைந்தது. அம்மாவுக்கு நானாக இருந்தால் இந்த இரண்டில் ஒன்றோடு தொடங்குவேன்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கிட்னியையும் அம்மாவின் பழக்கத்தையும் பொறுத்தது. மாத்திரை வாரத்துக்கு ஒன்று. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழு டம்ளர் பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் சாப்பிடாமல் இருக்க வேண்டும். எழுந்ததும் காபி குடித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு இது நடக்காது. காபியோடு போட்டால் மருந்து உடம்பில் சேர்வதே இல்லை. உணவுக்குழாயில் புண் இருப்பவர்களுக்கும் ஆகாது. அவர்களுக்கு ஊசி சௌகரியம். ஆனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினின் கிளியரன்ஸ் 35-க்குக் கீழே இருந்தால் ஊசி போடக் கூடாது. சர்க்கரை உள்ளவர் என்பதால் இதைக் கட்டாயம் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் அதை முன்னாலேயே முடித்துவிடுங்கள். முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் பலருக்கு வரும். பாராசிட்டமால் போதும், அடுத்த வருடம் இது வெகுவாகக் குறைந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாததால் ‘அந்த ஊசி அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் நிறைய. தாடை எலும்பு அழுகும், தொடை எலும்பு உடையும் என்று இணையத்தில் படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் உண்மையிலேயே நடப்பவை, ஆனால் அரிது. தொடை எலும்பு முறிவு வருடங்கள் நீள நீளக் கூடுவது. அதனால்தான் மாத்திரையை ஐந்து வருடத்திலும், ஊசியை மூன்று வருடத்திலும் மறுபரிசீலனை செய்கிறோம். தொடையிலோ கவட்டையிலோ புதிதாக வலி வந்தால் அதற்குக் காத்திராமல் சொல்லிவிட வேண்டும். முதுகு உடைந்த ஒருவருக்கு முதல் சில வருடங்களில் கிடைக்கும் பலனோடு ஒப்பிட்டால் அந்த ஆபத்து மிகச் சிறியது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் என்று இன்னொரு ஊசி இருக்கிறது. யாராவது அதை எழுதினால் நல்ல மருந்துதான், கிட்னி பலவீனமானவர்களுக்கும் போடலாம், அவர்களுக்குக் கால்சியம் இறங்குகிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. அலெண்ட்ரோனேட்டும் சோலெட்ரோனிக் அமிலமும் எலும்பில் தங்கி, நிறுத்திய பிறகும் வேலை செய்யும். இது தங்காது. அடுத்த ஊசி ஓரிரு மாதம் தள்ளிப்போனாலே அடக்கி வைத்திருந்த கரைதல் முழு வேகத்தில் திரும்பும், ஒரே சமயத்தில் மூன்று நான்கு முதுகெலும்புகள் நசுங்கிய கதைகள் உண்டு. ‘ஊருக்குப் போயிருந்தோம், வந்து போட்டுக்கலாம்னு விட்டுட்டோம்’ என்பது இந்த மருந்தில் நடக்கவே கூடாது. நிறுத்துவதென்றால் மற்ற மருந்துக்கு மாறிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். தினசரி ஊசியான டெரிபாராடைட் எலும்பைப் புதிதாகக் கட்டுவது. ஏற்கெனவே இரண்டு மூன்று எலும்புகள் நசுங்கியிருப்பது தெரியவந்தால் அதையே முதலில் கொடுக்கலாம் என்பது என் கருத்து. விலை அதிகம், இரண்டு வருடத்துக்கு மேல் வழக்கமாகக் கொடுப்பதில்லை, முடிந்ததும் மேலே சொன்ன மருந்து ஒன்றைத் தொடர வேண்டும்.

உறவினர் சொன்ன சிமென்ட் விஷயத்தில்தான் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஊசி வழியாக நசுங்கிய எலும்புக்குள் எலும்பு சிமென்ட்டைச் செலுத்தும் இந்த முறையை 2009-இல் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் தனித்தனியாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு உண்மைச் சிகிச்சை, பாதிப் பேருக்குப் பாசாங்கு. மரப்பு ஊசி போட்டு, முதுகில் அழுத்தி, சிமென்ட்டின் வாடை அறையில் வரும்படி டப்பாவைத் திறந்துகூட வைத்தார்கள். இரண்டு பிரிவினருக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது. பிறகு 2016-இல் வந்த ஓர் ஆய்வு, ஆறு வாரத்துக்குள் கடும் வலியோடு இருப்பவர்களுக்குப் பலன் இருப்பதாகச் சொன்னது. 2018-இல் வந்த இன்னொன்று இல்லை என்றது. ஆகவே என் வழக்கம் இது: வலி ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்குத் தானாகக் குறையும், அதனால் காத்திருப்பேன். வலி தாங்காமல் படுக்கையிலேயே கிடக்கிறார், எம்.ஆர்.ஐ.யில் முறிவு புதியது என்று உறுதியாகியிருக்கிறது என்றால் மட்டும் யோசிப்பேன். நீங்கள் எழுதியபடி அம்மா எழுந்து குளித்து, நடந்து, சமையலறையில் நிற்கிறார். அவருக்கு இப்போது தேவையில்லை. சிமென்ட் வைத்தாலும் மற்ற எலும்புகளின் பலவீனம் அப்படியேதான் இருக்கும்.

படுக்கையில் வைத்திருப்பது நல்லது என்று வீட்டில் சொல்வார்கள். வலி கடுமையான முதல் சில நாட்களுக்கு அது சரி, அதற்கு மேல் படுக்கை எலும்பையும் தசையையும் இன்னும் கரைக்கும். பெல்ட் சில வாரங்களுக்குப் போட்டால் வலிக்கு ஆறுதல், எலும்பு சேர அது உதவுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குனிவதில்தான் நான் கறாராக இருப்பேன். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1984-இல் 59 பெண்களிடம் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. முன்னால் மடங்கும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பு மேலும் நசுங்கியது, பின்னால் நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், எண்களை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் மேலே சொன்ன எடைக் கணக்கோடு அது பொருந்துகிறது. அம்மா யோகா வகுப்புக்குத் திரும்ப ஆசைப்படுவதாகச் சொன்னீர்கள். பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், ஹலாசனம், சூரிய நமஸ்காரத்தில் குனியும் நிலைகள் எதுவும் இனி வேண்டாம் என்று ஆசிரியரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட் பார்வையில் முதுகை நிமிர்த்தும் தசைகளுக்கான பயிற்சி, நடை, ஒற்றைக் காலில் நின்று சமநிலை பழகுவது இவை போதும். தண்ணீர்க் குடம், சிலிண்டர், பேரக் குழந்தை எதையும் தரையிலிருந்து குனிந்து தூக்கக் கூடாது. குழந்தை கட்டில்மேல் ஏறி நிற்கட்டும், அங்கிருந்து வாங்கிக்கொள்ளலாம். கோலத்தை ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, கை எட்டும் தூரத்துக்கு மட்டும் போடட்டும். பெருக்க நீளக் கைப்பிடி விளக்குமாறு. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன விளக்கும், உள்ளே பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் போட்டுவிடுங்கள்.

நாள் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை: கால்களில் பலம் குறைவது அல்லது மரத்துப்போவது, சிறுநீர் போவதும் மலம் போவதும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது. இந்த வகை முறிவில் அரிது என்றேனே தவிர, நடக்கவே நடக்காது என்று சொல்லவில்லை. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி, மூன்று மாதமாகியும் குறையாத வலி ஆகியவை இருந்தால் அந்த வாரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்துக் காட்டுங்கள். மற்றபடி கிரியாட்டினின், கால்சியம், வைட்டமின் டி மூன்றின் முடிவும் கைக்கு வந்ததும் இரண்டாவது மருத்துவரிடமே போய், எந்த மருந்து, எத்தனை வருடம், எப்போது மறுபரிசீலனை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.